குதிரைக்காரன் தலை இடிக்காத கூரை

"என்ன புத்தகம் வேணும்னு சொல்லுங்க ஐயா, நான் எடுத்துத் தர்றேன்" என்றார் சட்ட நூலகத்து நூலகர் அம்மா.

"வேணாம்மா. நீங்க எடுத்தா உங்களுக்குத் தோதானதைத்தான் எடுப்பீங்க" என்றார் குடைக்காரர்.

குடைக்காரர் என்றால் குடை ரிப்பேர் செய்கிறவர். கடை என்று பெயர்தான். உள்ளே கம்பியும் துணியும் போக ஆள் உட்கார இடமில்லை. வாசலில் இறக்கிய தகரக் கூரைக்குக் கீழேதான் பிழைப்பு. அந்தக் கூரை விதிப்படி இல்லை என்று நேற்று நகராட்சி அதிகாரி வந்து அதட்டிவிட்டுப் போனார். எந்த விதி என்று கேட்டதற்கு, "எல்லாம் சட்டத்துல இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் வருவேன். சரிபண்ணலேன்னா கடைக்குச் சீல்" என்றார்.

வக்கீலிடம் போகலாம் என்றாள் மனைவி. குடையையே முழுதாக நம்பாத மனுஷன், வக்கீலையா நம்புவார்? தானே கிளம்பிவிட்டார்.

முன்கூடத்தில் புதுப் புத்தகங்கள் பளபளத்தன. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"இதுல எல்லாம் எவனோ கை வச்சிருப்பான். பழசு எங்க இருக்கு?"

"கடைசி அறையில. ஆனா அது..."

"ஆனா ஆவன்னா எல்லாம் அப்புறம்மா."

கடைசி அறையில் ஈ, காக்கை இல்லை. தும்மிக்கொண்டே தேடி, எழுத்துக் கூட்டிப் படித்து, ஒரு வழியாகக் கூரை விதியைப் பிடித்துவிட்டார். அந்தப் பக்கத்தின் மூலையை யாரோ முன்னமே மடித்து வைத்திருந்தார்கள். அப்படியானால் பெரிய விதிதான், சந்தேகமில்லை.

கடைக் கூரை சுவரிலிருந்து மூன்று அடிக்கு மேல் நீளக் கூடாது என்றிருந்தது. வராந்தாவுக்கு ஓடி, கடையைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்குப் போன் போட்டார்.

"உன் தம்பியை வரச்சொல்லி முன்பக்கத் தகரத்துல ஒரு அடி வெட்டச் சொல்லு."

"வெட்டினா என் மடியிலதாங்க வெயிலடிக்கும்."

"தள்ளி உட்காரு."

"எங்க தள்றது? சுவத்துக்குள்ளயா?"

வெட்டியாயிற்று. திரும்பி வந்து அடுத்த வரியைப் படித்தார். தெருவில் தூண் ஊன்றக் கூடாதாம். மறுபடி வராந்தா.

"தூண் ரெண்டையும் பிடுங்கச் சொல்லு."

இந்தத் தடவை மச்சினனே போனை வாங்கினான். "மாமா, தூணை எடுத்தா கூரை எதுல நிக்கும்? உங்க வாய்ஜாலத்துலயா?"

"சங்கிலி போட்டுச் சுவத்துல தொங்கவிடுடா."

"அது கூரையா, ஊஞ்சலா?"

சங்கிலியும் போட்டாயிற்று. சட்டம் எழுதுகிறவனுக்கு ஓர் இடத்தில் நிறுத்த மனசு வராது. பக்கத்தைத் திருப்பினால், தொங்கும் கூரை என்றால் குதிரைமேல் வருகிறவன் தலை இடிக்காத உயரத்தில் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

"என்னது, குதிரையா?" என்றாள் மனைவி. "நம்ம தெருவுல ஆட்டோவே வர யோசிக்குது."

"நாளைக்கே ஒருத்தன் வந்து தலையை இடிச்சுக்கிட்டா, உள்ள போறது நீயா நானா?"

"நீங்கதான். நான் சாப்பாடு கொண்டு வந்து குடுக்கிறேன்."

மச்சினன் கூரையை ஏற்றினான். கூரை வானத்தைப் பார்த்துப் போயிற்று. நிழல் எதிர்வீட்டுக்குப் போயிற்று. கடைசிச் சங்கிலியை இழுத்தபோது கொக்கியோடு சுவரிலிருந்து நாலு செங்கலும் சேர்ந்து வந்தன.

"மாமா, சுவர்ல ஓட்டை. உள்ள இருக்கிற குடையெல்லாம் வெளியில தெரியுது."

குடைக்காரருக்கு அப்போதுதான் ஒரு பெரிய யோசனை வந்தது. கூரை இருந்தால்தானே சட்டம் அதைப்பற்றிப் பேசும்?

"மொத்தத்தையும் கழட்டி, பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடு!"

மனைவி போனை வாங்கி வாயைத் திறப்பதற்குள் இவர் வைத்துவிட்டார். அவள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அவர் வழக்கம்.

நூலகம் மூடும் நேரத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. மனைவியே கூப்பிட்டாள்.

"அதிகாரி வந்துட்டுப் போயிட்டார்."

"சீல் வச்சாரா?"

"இல்ல. மேல பார்த்தார், தூண் இருந்த குழியைப் பார்த்தார். 'சட்டம் தெரிஞ்ச மனுஷன்'னு உங்களைப் பாராட்டினார். நான் ஒரு கிராக்கியோட குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு கேட்டேன். அதுவும் ஒழுகுது."

குடைக்காரருக்கு மீசை துடித்தது. கடை பிழைத்தது! உட்கார இடமில்லையே தவிர, கடை பிழைத்தது. புத்தகத்தைக் கொண்டுபோய் நூலகர் அம்மா மேஜையில் தட்டென்று வைத்தார்.

"பார்த்தீங்களா? புதுப் புத்தகத்தை நம்பியிருந்தா என் கதி என்ன ஆகியிருக்கும்? கூரை பார்க்க வர்ற நகராட்சி அதிகாரியே என்னைப் பாராட்டிட்டுப் போயிருக்கார்."

நூலகர் அம்மா மடித்திருந்த மூலையைப் பொறுமையாக நீவிச் சரிசெய்தார்.

"அந்தக் கடைசி அறையில இருக்கிறதெல்லாம் எப்பவோ ரத்தான சட்டம் ஐயா. நான் சொல்ல வந்தா, அந்த அதிகாரியும் உங்களை மாதிரிதான், 'புதுசுல எவனோ கை வச்சிருப்பான்'னு சொல்லிட்டு நேரா அங்கதான் போவார்."