மேகலா முதலிடம், ஓட்டம் பதினொன்றரைக்கு

தேதி விஷயத்தில் நான் யாரையும் நிம்மதியாக இருக்கவிட்டதில்லை. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட, "அவரு ஆஸ்பத்திரிக்குப் போனது புதன்கிழமை இல்லைங்க, வியாழக்கிழமை" என்று திருத்தியிருக்கிறேன். (அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குக் காப்பி கிடைத்ததில்லை.) இப்படிப்பட்ட நான்தான், நடக்காத ஓர் ஓட்டப்பந்தயத்தை நடந்ததாக எழுதி, அச்சிட்டு, இருநூறு பிரதிகள் வெளியிட்டவன். ஊரில் வேறு யாராவது சொல்லிக் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் வருகையையும் மழையளவையும் நாள்தோறும் எழுதி வைப்பது வேலை. அது போதாதென்று வீட்டில் தனியாக ஒரு நாட்குறிப்பு. அதில் முதல் காப்பிப் பூ விரிந்த தேதி, சேலம் பஸ் எத்தனை நிமிடம் தாமதம், மனைவி கோபித்துக்கொண்ட நேரம், சமாதானமான நேரம் எல்லாம் இருக்கும். என் மகள் மூன்றாம் வகுப்பில் படித்த நடுநிலைப் பள்ளிக்கு ஒரு செய்தி மடல் உண்டு. பெயர் 'துளிர்'. மடித்தால் நான்கு பக்கம். ஆண்டுக்கொரு முறை, மாசி மாதக் கடைசியில் விளையாட்டு விழாவை ஒட்டி வரும். அதன் ஆசிரியர், நிருபர், பிழைதிருத்துபவர் மூவரும் நானே.

தலைமையாசிரியை ஸ்டெல்லா டீச்சருக்கு அந்த மடலின் மேல் ஒரு மனக்குறை இருந்தது. விழா முடிந்து நான் நிதானமாக எழுதி, சேலத்துக்குக் கொண்டுபோய் அச்சடித்து வருவதற்குள் முழுப் பரீட்சை வந்துவிடும். முந்தைய ஆண்டுக் கட்டு பிரிக்கப்படாமல் பீரோவில் கிடந்தது. இந்த முறை விழா முடிந்து வீட்டுக்குப் போகும்போதே ஒவ்வொருவர் கையிலும் 'துளிர்' இருக்க வேண்டும், பரிசு பெற்றவர்கள் பெயரோடு, என்றார். எப்படி முடியும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கவலையை விடுங்கள் டீச்சர் என்று மட்டும் சொன்னேன். அந்த வயதில் எனக்கு அந்த வாக்கியம் அடிக்கடி வரும்.

விழா சனிக்கிழமை. அச்சகத்துக்காரரோ வியாழக்கிழமை காலை கைப்பிரதி வந்தால்தான் வெள்ளி மாலை கட்டு தருவேன் என்றார். நான் பழைய நாட்குறிப்புகளை எடுத்துப் புரட்டினேன். நான்கு ஆண்டுகளாக, விழாவுக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஓட்டத்தில் யார் முதலில் வந்தார்களோ அவர்களே விழாவிலும் முதலில் வந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர்கள் நான்கு பேரும் ஏறக்குறைய ஒரே உரையைத்தான் ஆற்றியிருந்தார்கள். மழை ஒருமுறையும் பெய்யவில்லை. பிறகு என்ன? புதன்கிழமை நடந்த தேர்வு ஓட்டத்தில் மாணவியர் பிரிவில் ஏழாம் வகுப்பு மேகலா முதலாவது, சுதா இரண்டாவது, கலா மூன்றாவது. அவ்வளவுதான், வரலாறு தயார்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதினேன். "காப்பிப் பூ மணம் கமழ்ந்த இனிய காலைப் பொழுதில்" விழா தொடங்கியது. சிறப்பு விருந்தினர் "சுருக்கமாகவும் சுவையாகவும்" உரையாற்றினார். "பலத்த கரவொலிக்கிடையே வெ. மேகலா முதலிடத்தைத் தட்டிச் சென்றார்." கொண்டை ஊசி வளைவுகளில் பேனா வழுக்கியதே தவிர மனம் வழுக்கவில்லை. அடிவாரம் வருவதற்குள் பந்தயத்தை முடித்துவிட்டேன். (கல்வெட்டு நூல்களை அப்போது விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்தேன். தற்பெருமை மிகுந்த அரசர்கள்கூடப் போர் முடிந்த பிறகுதான் கல்லை வெட்டச் சொன்னார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.)

வெள்ளி மாலை கட்டு வந்தது. பள்ளி அலுவலக மேசையில் வைத்து, என் வழக்கப்படி மேலே ஒரு சீட்டு ஒட்டினேன்: 'விழாவுக்கு வருவோர் அனைவருக்கும் தவறாமல் ஒரு பிரதி.' விழா முடிவில் என்ற இரண்டு சொற்கள் மட்டும் விட்டுப்போயின.

சனிக்கிழமை காலை விருந்தினரை எதிர்கொள்ள நான் ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டேன். அவர் ஓய்வுபெற்ற வன அலுவலர். பழகுவதற்கு எளிய மனிதர். அவரோடு பத்து மணிக்குப் பள்ளிக்குள் நுழைந்தபோது கண்ட காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. பந்தலில் இருந்த அத்தனை பெற்றோரும் தலை குனிந்து 'துளிர்' படித்துக்கொண்டிருந்தார்கள். சட்டையில் தொண்டர் பட்டை குத்திய எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாசலில் நின்று, சீட்டில் எழுதியபடியே தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் எழுத்தை இத்தனை பேர் ஒரே நேரத்தில் படித்து நான் பார்த்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது பெருமிதம். ஓட்டம் இன்னும் நடக்கவில்லை என்பது அரை நிமிடம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

அதற்குள் கிளியூர் வெள்ளையன் என் கையைப் பிடித்துக்கொண்டார். மேகலாவின் அப்பா. நான்கு ஏக்கரில் மிளகும் ஆரஞ்சும் கொஞ்சம் சாமையும் போட்டிருந்தவர். அதிகம் பேசாதவர். அன்று அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"ஏனுங்க ரைட்டரே, புள்ள முதலாவது வந்துட்டாளுங்களே. நாந்தான் மொத பஸ்ஸ உட்டுட்டேன். ஓடறதப் பாக்கக் குடுத்து வெக்கலீங்க."

பந்தயம் முடிந்துவிட்டது, தான்தான் பிந்திவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு முழுதாக ஒரு நிமிடம் இருந்தது. நான் சொன்னது: "பரவால்லீங்க."

அவர் பந்தலில் இருந்த தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் மடலின் மூன்றாம் பக்கத்தைக் காட்டிவிட்டு, எல்லாருக்கும் இனிப்பு வாங்கி வருவதாகச் சொல்லி ஒண்டிக்கடைப் பக்கம் கிளம்பிப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். (கூப்பிட்டிருக்கலாம். தொண்டை இருந்தது, காற்றும் இருந்தது.)

அடுத்து மேகலா வந்தாள். அரைக்கால் பேண்ட்டும் முழங்காலில் பழைய காயத் தழும்புமாக, முகம் வெளுத்து நின்றாள்.

"சார், அப்பா முட்டாயி வாங்கப் போயிட்டாருங்க."

"தெரியும் கண்ணு."

"நான் இன்னும் ஓடவே இல்லீங்க சார்."

"ஓடி ஜெயிச்சிரு. அவ்வளவுதான்."

"ஜெயிக்கலைன்னா?"

பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு நான் அன்று சொன்ன பதிலை நாட்குறிப்பில்கூட எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். "அதான் பேப்பர்லயே வந்துருச்சே" என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டாள், நெடுநேரம்.

மேடையில் விருந்தினர் பேச எழுந்தார். கையில் 'துளிர்'. கண்ணாடியை மாட்டி ஒருமுறை படித்தார். "நான் சுருக்கமாகவும் சுவையாகவும் பேசியதாக இதில் போட்டிருக்கிறது. இனி நான் பேசினால் அந்தப் பெயர் கெட்டுப்போகும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பள்ளி வரலாற்றில் அவ்வளவு கைதட்டல் எந்த உரைக்கும் கிடைத்ததில்லை. ஸ்டெல்லா டீச்சர் மட்டும் தட்டவில்லை. மடலை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். எஸ்டேட் முதலாளிகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பதினொன்றரைக்கு மாணவியர் ஓட்டம். எங்கள் மைதானம் சமதளம் இல்லை. தொடக்கக் கோட்டிலிருந்து தூரத்து சில்வர் ஓக் மரம் வரை இறக்கம். மரத்தைச் சுற்றித் திரும்பினால் முடிவு ரிப்பன் வரை ஏற்றம். எட்டுப் பேர் நின்றார்கள். ஏழு பேர் 'துளிர்' படித்தவர்கள். எட்டாவது ஆறாம் வகுப்பு புஷ்பா. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருந்த பெண். அவள் குடும்பம் மாரியம்மன் பண்டிகைக்குக் கீழே சொந்த ஊருக்குப் போயிருந்ததால் புதன்கிழமைத் தேர்வு ஓட்டத்தில் இல்லை. உடற்பயிற்சி ஆசிரியர் அவள் திறமை தெரிந்து நேராகச் சேர்த்திருந்தார். காப்பித் தோட்டத்துக் குறுக்குவழியாக வந்ததால் வாசலில் அவளுக்கு மடலும் கிடைக்கவில்லை.

விசில் ஊதியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பெயர் அச்சில் வராத நான்கு பெண்கள், வராத பேருக்கு எதற்கு மூச்சிரைக்க வேண்டும் என்பது போல, கைகோத்துப் பேசியபடி நடந்துகொண்டிருந்தார்கள். பயத்தில் மேகலாவுக்கு விலாவில் பிடித்துக்கொண்டது. ஒரு கையால் இடுப்பை அழுத்தியபடி ஓடினாள். சுதா அவளைவிடப் பத்தடி முன்னால் மரத்தைச் சுற்றினாள். சுற்றியவள் திரும்பிப் பார்த்தாள், வேகத்தைக் குறைத்தாள். ரிப்பனுக்கு நான்கடி முன்னால் வந்து நின்றேவிட்டாள்.

"வாடி மேகலா, நீ முன்னால போகோணும். நான் ரெண்டாவதுடி."

கலா, சுதாவுக்குப் பின்னால் வந்து மூன்றாவது இடத்தில் ஒழுங்காக நின்றுகொண்டாள், ரேசன் கடை வரிசையில் நிற்பதுபோல. அச்சில் வந்ததை மாற்றக் கூடாது என்று அந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள்தானே சொல்லிக் கொடுத்திருந்தோம். மேகலா வந்து சேர்ந்தாள். நின்றாள். "நீயே போ சுதா" என்றாள். "போட்டுட்டாங்கல்ல, போடி" என்றாள் சுதா. இந்த உபசாரம் நடந்துகொண்டிருந்தபோது, தொடக்கத்தில் செருப்பு வார் அறுந்து பின்தங்கியிருந்த புஷ்பா, ஒரு காலில் மட்டும் செருப்போடு ஏற்றத்தில் பாய்ந்து வந்து, மூவருக்கும் இடையே புகுந்து ரிப்பனை அறுத்துக்கொண்டு போனாள்.

ஒருவரும் கைதட்டவில்லை. எல்லோரும் குனிந்து மடலைப் பார்த்தார்கள். அந்தப் பெயர் அதில் இல்லை. மார்பில் ரிப்பன் துண்டோடு புஷ்பா திரும்பி, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல எங்களைப் பார்த்தாள்.

அப்போதுதான் என் தோளருகில் வெள்ளையனின் குரல் கேட்டது. கையில் அட்டைப்பெட்டி, நூல் கட்டியது.

"மறுக்காவும் ஓடறாங்களாங்க?"

"இல்லீங்க. இப்பத்தான் ஓடறாங்க."

"அப்பக் காத்தால?"

"காத்தால ஓடலீங்க. நானா எழுதிட்டேனுங்க."

அவர் பையிலிருந்து மடலை எடுத்து ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். அடித்திருந்தால்கூட அன்று எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "ஓடாததப் போயி எழுதுவாங்களா" என்று மெல்லச் சொல்லிவிட்டு, கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கினார். மேகலா அழத் தொடங்கியிருந்தாள். அவர் அவளைக் கடந்து போனார். புஷ்பாவின் முன்னால் நின்று பெட்டியின் நூலை அறுத்தார்.

"நீதான சாமி முன்ன வந்தது. எடுத்துக்க."

புஷ்பா ஒரு லட்டை எடுத்த பிறகுதான் பந்தலில் கைதட்டல் எழுந்தது. பிறகு அவர் மகளிடம் வந்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அழுதுகொண்டே அவள் லட்டைத் தின்றதை மட்டும் பார்த்தேன். சுதா பிடிவாதமாகத் தள்ளிவிட்டதில் மேகலாவே இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டியிருந்தாள்.

திங்கட்கிழமையிலிருந்து எனக்குத் தண்டனை. ஸ்டெல்லா டீச்சர் சிவப்பு மைப் பேனா ஒன்றைக் கொடுத்து, வெளியே போன பிரதிகளையும் தேடிப் போய்த் திருத்தி வரச் சொன்னார். வேலை முடிந்த மாலைகளில் லைன் வீடுகளுக்கும் கிளியூருக்கும் ஒண்டிக்கடைக்கும் நடந்தேன். தோட்டங்கள் முழுக்கக் காப்பிப் பூ விரிந்து கிடந்த வாரம் அது. அந்த மணம் இப்போது வந்தாலும் எனக்குச் சிவப்பு மை ஞாபகம்தான் வருகிறது. ஆனாலும் எத்தனை வீடுகளில் உட்கார்ந்தேன், எத்தனை பிள்ளைகள் பேனா மூடியைப் பிடித்துக்கொண்டு உதவினார்கள். அந்தப் பத்து மாலைகளைப் போல எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

வெள்ளையன் வீட்டில் மடல் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. எடுத்துக் கொடுத்தார். நான் பேனாவை மேகலா பெயரின் மேல் வைத்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"புள்ள பேர வெட்டாதீங்க. மேலால எடமிருக்குது, அந்தப் புள்ள பேர அங்க எழுதுங்க."

அப்படியே எழுதினேன். மற்ற வீடுகளிலும் அதன் பிறகு யார் பெயரையும் வெட்டவில்லை. ஏற்கெனவே வெட்டியிருந்த வீடுகளுக்குத் திரும்பிப் போனேன்.

என் வீட்டில் இந்தச் சம்பவத்துக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. நான் எந்தச் செய்தி கொண்டுவந்தாலும் மனைவி கேட்பது ஒன்றுதான்: "நடந்துச்சுங்களா, நீங்களே எழுதுனதுங்களா?" சித்தப்பா காலமான செய்தியைச் சொன்னபோதும் கேட்டாள். என் மகள் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த காலையில் தானே கணினி மையத்துக்குப் போனாள். என்னைப் பார்க்கவிடவில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு மேகலா வந்தாள். சேலத்தில் நர்ஸாக இருக்கிறாள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துத் திருமண அழைப்பிதழைக் கொடுத்தாள். மாப்பிள்ளை எந்த ஊர், முகூர்த்தம் எத்தனை மணிக்கு, மண்டபம் எங்கே என்று நான் வழக்கம்போல விசாரித்துக்கொண்டே நாட்குறிப்பை எடுத்தேன். மேகலா என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"தாலி ஏறட்டுங்க சார்" என்றாள், சிரிக்காமல். "அப்பறமா எழுதிக்கலாம்."

மனைவி உள்ளே போய் ஒரு பென்சில் கொண்டுவந்து கொடுத்தாள்.