ஆடிக் காற்றை நம்பி ஐப்பசியில் திறப்பு விழா

கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்த ஒருவன் காற்றைப் பற்றித் தப்புக் கணக்குப் போடுவதென்றால் அதற்குத் தனித் தகுதி வேண்டும். எனக்கு அது இருந்தது. இன்ஜினியரிங்கில் முதல் வகுப்பு. கழுத்தில் டை கட்டிக்கொண்டு மலை ஏறியவன் நான். (மலைமேல் யாருக்குக் காட்ட என்று நீங்கள் கேட்க வேண்டாம். எங்கள் அம்மா அப்போதே கேட்டுவிட்டார்.)

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கம் நாலு பேர் கூடினால் காற்றாலைப் பேச்சுத்தான். மில் வைத்திருந்தவர்கள் பல்லடம், உடுமலைப் பக்கம் மானாவாரிக் காடு வாங்கிக் காற்றாலை நட்டார்கள். (நாட்டுக்கு மின்சாரம் கிடைக்கும் என்பார்கள். தங்களுக்கு வரி குறையும் என்பதை அப்புறம் மெதுவாகச் சொல்வார்கள்.) மோட்டார் பம்பு செய்துகொண்டிருந்த எங்கள் முதலாளிக்கும் ஆசை வந்தது. பெரிதாக நடக் கட்டுப்படியாகாது. ஆகவே சின்னக் காற்றாலை செய்து, மின்கம்பி போகாத மலை ஊர்களுக்கு அரசு மானியத்தில் வைத்துக்கொடுக்கும் வேலைக்கு மனுப் போட்டார். முதல் ஊர் உடுமலைக்குத் தெற்கே மலைமேல். இருபத்தெட்டு வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு துணை சுகாதார நிலையம். ஜீப் மட்டும் ஏறும்.

எனக்கு முன்னால் எங்கள் கம்பெனியில் இன்ஜினியர் நாற்காலியில் இருந்தவர் ஒழுங்கான திட்டம் ஒன்று போட்டுவைத்துவிட்டு வளைகுடாவுக்குப் போயிருந்தார். பாதி காற்று, பாதி வெயில். காற்று இருக்கும் மாதங்களில் காற்றாலை, அது ஓய்ந்தால் சோலார் தகடு, இரண்டும் ஒரே பேட்டரிகளை நிரப்பும். புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறிச் சம்பாதிக்கிற குடும்பம் மாதிரி. டீசல் இன்ஜின் வேண்டாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார். ஒரு கேன் டீசலை மலைக்கு ஏற்றுவதற்குள் ஜீப் அரைக் கேனைக் குடித்துவிடும்.

இடைஞ்சல் தகட்டில்தான். அந்தக் காலத்துச் சோலார் தகடு ஆர்.எஸ்.புரம் நகைக்கடையில் விற்க வேண்டிய சாமான்.

“தம்பி, இந்தத் தகடு இல்லாம ஆகுமான்னு பாருங்க,” என்றார் முதலாளி. “ஆகும்னு நீங்க எழுதிக் குடுத்தா நம்ம ரேட்டுதான் கம்மி. வேலை நமக்குத்தான். ஆகாதுன்னா சொல்லிப்போடுங்க, நான் பழையபடி பம்பே பாத்துக்கறேன். ஆனா உங்களுக்கு அங்க என்ன வேலைன்னு யோசிக்கோணும்.”

அவர் மிகவும் மரியாதையானவர். மிரட்டும்போதுகூட ‘ங்க’ போட்டுத்தான் மிரட்டுவார்.

காற்றை அளக்கப் புறப்பட்டது ஆடி மாதத்தில். ஏன் ஆடி என்று கேட்டால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஆடியில் யாரும் புது போர்வெல் போட மாட்டார்கள், புது மோட்டார் இறக்க மாட்டார்கள், புதுவீடு புக மாட்டார்கள். எங்கள் ஃபிட்டர்கள் எல்லாம் பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சம்பளம் கொடுத்து உட்கார வைப்பதற்குக் காற்றை அளக்க அனுப்பலாமே என்பது முதலாளியின் யோசனை. ஃபிட்டர் ரங்கசாமியும் நானும் போனோம்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பறந்தது. முதல் நாளே என் டை முகத்தில் அறைந்தது. மூன்று கிண்ணம் வைத்துச் சுற்றும் மீட்டரைக் கம்பத்தில் கட்டி, பன்னிரண்டு நாள் குறித்தேன். பன்னிரண்டு நாள் சராசரியைப் பன்னிரண்டு மாதத்துக்கும் போட்டேன். எவ்வளவு பொருத்தமாக இருந்தது! சோலார் தகடு தேவையே இல்லை என்று வந்தது. தேவையில்லை என்று வரவேண்டும் என்றுதான் போட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது கேட்டிருந்தால் அறிவியல் என்று சொல்லியிருப்பேன்.

அங்கே என்னைத் தடுக்கப் பார்த்தவர் ஒருவர்தான். சுகாதார நிலையத்து நர்ஸ் கிரேஸ் சிஸ்டர். சோமனூர்க்காரர், தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் எப்போதும் ஒரு படி சத்தமாகப் பேசுவார். தடுப்பூசி மருந்தை அடிவாரத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார். ஜீப் பழுதானால் ஐஸ் கரையும், மருந்து வீணாகும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியில் வந்த தாய்மார்கள் வெறுமனே திரும்புவார்கள். இரண்டு வருடம் மனு எழுதி எழுதி ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டார். அது உறை பிரிக்காமல் மூலையில் நின்றது. மின்சாரம் இல்லை.

“ஏனுங்க சார், இந்தக் காத்து ஆவணியோட செரிங்க. ஐப்பசில எலைகூட அசையாதுங்க. வெயிலுக்குத் தகடு வெக்கறதா முன்னால வந்த சார் சொன்னாருங்களே?”

“சிஸ்டர், இதெல்லாம் வருஷச் சராசரின்னு ஒரு கணக்குங்க.”

“சராசரில ஃபிரிட்ஜு ஓடுமாங்க?”

நான் சிரித்தேன். படித்தவன் சிரிப்பு அது. இன்றைக்கு நினைத்தாலும் என் பல்லைத் தட்ட வேண்டும் போலிருக்கிறது.

வேலை எங்களுக்கே கிடைத்தது. ஆவணியில் கோபுரம் நட்டோம். மிச்சக் காற்றில் இறக்கைகள் சுற்றின, பேட்டரி நிரம்பியது. அன்றே சுவிட்சைப் போட்டுக் கொடுத்திருந்தால் என் மானம் ஒன்றரை மாதமாவது பிழைத்திருக்கும். முதலாளிக்கு நல்ல நாள் வேண்டும். பெரிய அதிகாரி ஒருவரும் வரவேண்டும். புரட்டாசி ஆகாது என்றார். ஐப்பசி வளர்பிறையில் நாள் குறித்தார். காற்று அளந்தது ஆகாத மாதத்தில், திறப்பு விழா ஆகிற மாதத்தில். காற்றுக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியவில்லை.

விழாவுக்கு நான்கு நாள் முன்னால் சிஸ்டர் ஃபிரிட்ஜின் உறையைப் பிரித்தார். மாட்டிப் பார்த்தோம், உள்ளே ஜில்லென்று ஆனது.

“நம்பி மருந்து வெக்கலாங்களா சார்? விழா அன்னிக்கே எல்லாப் பிள்ளைகளையும் வரச் சொல்லிட்டனுங்க.”

“தாராளமா வெய்ங்க சிஸ்டர்.”

அதற்கப்புறம் இறக்கை ஒரு சுற்றுச் சுற்றவில்லை. விழாவுக்கு முந்தின நாள் மதியம் பேட்டரியைப் பார்த்தால் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. முதலாளி கோயமுத்தூரிலிருந்து வந்து இறங்கியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, நாளைக்கு அய்யா சுவிட்சு போட்டா லைட்டு எரியோணும். மைக்கு பேசோணும். நீங்க என்ன பண்ணுவீங்களோ தெரியாதுங்க.”

நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியும். சுகாதார நிலையத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். மிச்ச மின்சாரம் விழாவுக்கு ஆகட்டும், ஒரு ராத்திரிதானே, உள்ளே குளிர்ச்சி நிற்கும் என்று எனக்கு நானே ஒரு சராசரி போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை பந்தல், வாழைமரம், அதிகாரி, மாலை, எல்லாம் இருந்தது. காற்று மட்டும் இல்லை. “காத்தாடி சுத்தலையே?” என்று அதிகாரி கேட்டுவிடுவார் என்ற பயத்தில் ரங்கசாமியைக் கோபுரத்தில் ஏற்றி, இறக்கையைக் கையால் தள்ளச் சொல்லியிருந்தேன். யாரும் தலையை நிமிர்த்திப் பார்க்க மாட்டார்கள் என்பது என் அடுத்த கணிப்பு. (என் கணிப்புகளின் தரம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.) அதிகாரி முதல் காரியமாக நிமிர்ந்து பார்த்தார்.

“மேல யாருங்க அது?”

“பராமரிப்புங்கய்யா,” என்றார் முதலாளி.

அந்த நேரம் பார்த்து ரங்கசாமி மேலிருந்து கத்தினான்: “ஏனுங் சார், கை வலிக்குதுங்! காலால எத்திச் சுத்தட்டுங்களா?”

ஊரே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. சுவிட்சைப் போட்டார். பல்புகள் எரிந்தன. மைக்கைப் பிடித்து, “இனி இந்த மலையில்...” என்று தொடங்கினார். பல்புகள் பழுத்துச் சிவந்து அணைந்தன. மைக் செத்தது. இனி இந்த மலையில் என்ன என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சாப்பாட்டுப் பந்தியில் நெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது கிரேஸ் சிஸ்டர் வந்தார். கையில் மருந்துக் குப்பிகள். அவர் பின்னால் பிள்ளைகளோடு தாய்மார்கள். சிலர் விடியுமுன்பே நடக்கத் தொடங்கியவர்கள்.

“பிளக்க யாருங்க சார் புடுங்குனது?” எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர் அன்றைக்கு மெதுவாகக் கேட்டார்.

“தெரியலைங்க சிஸ்டர்,” என்றேன்.

குப்பிகளை என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு திரும்பி, ஒவ்வொரு தாயிடமும், “அடுத்த மாசம் வா கண்ணு, மருந்து கெட்டுப்போச்சு,” என்று சொல்லிக்கொண்டே போனார். நான் இலை முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிடவும் செய்தேன்.

இதைவிட மோசமானது பின்னால் நடந்தது. விழாவில் அவமானப்பட்ட அதிகாரி கோப்பில் ஒரு வரி எழுதினார்: தொலைதூர ஊர்களுக்கு இவ்வகை மின்சாரம் செலவு மிகுந்தது, சாத்தியமற்றது. தகடும் சேர்ந்திருந்தால் அது ஓடியிருக்கும். தகட்டை எடுத்தவன் நான். என் முட்டாள்தனத்தைத் திட்டத்தின் முட்டாள்தனமாக எழுதி மூடிவிட்டார்கள். பட்டியலில் அடுத்திருந்த ஊர்களுக்கும் திட்டம் போகவில்லை. அந்த வருடம் தாமதமாக வந்த மழை விட்டதும் காற்றாலையைக் கழற்றி எடுத்து வந்தோம். ஃபிரிட்ஜை அங்கேயே விட்டோம். முதலாளி பம்புக்குத் திரும்பினார், என்னையும் வைத்துக்கொண்டார். கேட்டதை எழுதித் தருகிறவன் அல்லவா நான்?

என் கல்யாணப் பந்தலில் ரங்கசாமி இந்தக் கதையை நடித்தே காட்டினான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதைப் பரிந்துரைத்தாலும், இடமோ, வண்டியோ, மாப்பிள்ளையோ, “ஆடில பாத்தீங்களா, ஐப்பசில பாத்தீங்களா?” என்று என் மனைவி கேட்பாள். மகளுக்கும் அது பழகிவிட்டது. விருந்தாளிகள் வந்தால் என்னையே சொல்லச் சொல்வார்கள். நானும் சொல்வேன், நன்றாகவே சொல்வேன். கோபுரத்தில் ரங்கசாமி, மைக்கில் அதிகாரி, முகத்தில் அறைந்த டை என்று எதையும் விடமாட்டேன்.

அந்தக் கதையில் கிரேஸ் சிஸ்டர் வரமாட்டார். வந்தால் யாராவது பிளக்கைப் பற்றிக் கேட்பார்கள்.