சிட்னிச் சில்வண்டுப் பரணி

வாழ்க அறிவுச்செல்வன்! இடுக்கியே வாளாக, உருப்பெருக்கிக் கண்ணாடியே கேடயமாக, அந்துருண்டை நெடியே மார்பில் பூசிய சந்தனமாகக் கொண்டு, அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே சிமெண்டு லாரிகள் கிளப்பும் வெண்புழுதி மண்டலத்துள் நிமிர்ந்து நிற்கும் ஒரு தனியார் கல்லூரியின் விலங்கியல் துறையில், மாடிப்படிக்கு அடியில் அமைந்த பத்தடிக்குப் பன்னிரண்டடி அருங்காட்சியகம் என்னும் பேரரசைப் பதினெட்டு ஆண்டுகளாக ஒரு குடைக்கீழ் ஆண்டுவரும் கடற்குதிரை காத்தோன், சுறாப்பல் சேர்த்தோன், ஃபார்மலின் புட்டியைத் திறந்தாலும் மூக்கைச் சுளிக்காத மறவோன், உதவிப் பேராசிரியர் அறிவுச்செல்வன் வாழ்க! கலைமகளே, இவன் புகழைப் பாட என் நாவில் வந்து அமர்வாயாக. நாவில் இடம் போதாதெனில் அங்கே ஒரு ஸ்டூல் கிடக்கிறது தாயே. அதற்கு ஒரு கால் ஆடும், பார்த்து உட்கார்.

மாபெரும் போர்களுக்கு மண்ணாசை காரணம் என்பார்கள். இந்தப் போருக்குக் காரணம் ஒரு பொய். அதுவும் இரண்டே இரண்டு எண்ணிக்கை அளவுள்ள சுண்டைக்காய்ப் பொய். போன ஆண்டு, கல்லூரித் தர ஆய்வுக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த முதல்வர் காசிநாதன், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, மியூசியத்தில் மொத்தம் எத்தனை இன உயிர்கள் இருக்கின்றன என்று கேட்டார். பதிவேட்டில் இருந்தவை தொண்ணூற்றெட்டு. ஆனால் நூறை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நின்றுகொண்டு தொண்ணூற்றெட்டு என்று சொல்ல எந்த வீரனுக்கு மனசு வரும்? நூறு என்று சொல்லிவிட்டான். சொன்னது அச்சேறியது. அச்சேறியதோடு நிற்காமல், 'ஒரே கூரையின்கீழ் நூறு இனங்கள்' என்று முதல்வர் ஃபிளெக்ஸ் அடித்து, கல்லூரி வாசலில், மந்திரி வந்தால் கட்டும் உயரத்தில் கட்டிவிட்டார். இனி அதை இறக்க வேண்டுமானால் ஏணி வேண்டும்.

ஆய்வுக் குழு வியாழக்கிழமை வருகிறது என்று தாக்கல் வந்தது. குழுவில் ஒருவர் எதையும் எண்ணிப் பார்க்கிற சுபாவக்காரராம். போன மாதம் வேறொரு மாவட்டத்தில் கழிப்பறைக் குழாய்களைக்கூட விரல்விட்டு எண்ணினாராம். முதல்வர் அறிவுச்செல்வனை அழைத்து, கோபமே இல்லாத குரலில் ஒரே ஒரு பிரகடனம் செய்தார்.

"நூறுல ஒண்ணு கொறஞ்சாலும் அந்த ரூமை பி.டி. சாருக்கு ஒதுக்கிடுவேன். அவரு கேரம் போர்டு வைக்க எடமில்லாம தவிக்கிறாரு."

பி.டி. ஆசிரியர் சாமிதுரை தவித்ததோடு நிற்கவில்லை. முந்தின வாரமே நாடாவோடு வந்து அறையை நீள அகலமாக அளந்துவிட்டு, ஈட்டியைச் சாய்த்து வைக்க இந்த மூலை தோது என்று புன்னகை பூத்துவிட்டுப் போயிருந்தார். இங்கே நம் நாயகனுடைய நெஞ்சுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். அந்த அறையின் ஒவ்வொரு புட்டியும் அவன் கையால் கழுவியது. நாகப்பட்டினத்தில் கெஞ்சி வாங்கிய சுறாக்குட்டியை வாளியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, தஞ்சாவூரிலிருந்து திருமானூர் வரை கண்டக்டர் வாய் ஓயாமல் திட்டினார். அதையும் பன்னீராக ஏற்றுக்கொண்டவன் அவன். வீட்டில் அவன் பேச்சுக்கு மதிப்பில்லை, துறைத்தலைவர் பதவியும் கைநழுவிப் போயிற்று, மிச்சம் இருப்பது அந்த அறையும் அதன் சாவியும்தான். அது போனால் தான் இருந்தென்ன என்று உண்மையாகவே கலங்கிப்போனான்.

கலங்கினவனுக்குக் கடல் கடந்து உதவி வந்தது. திருமானூர்க்காரி வினோதினி, அவனிடம் படித்தவள், இப்போது ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் குடித்தனம் செய்பவள், தங்கை கல்யாணத்துக்கு ஊர் வந்திருந்தாள். வந்தவள் ஆசிரியரை மறக்காமல், விமான நிலையத்தில் உரிய தாள்களையெல்லாம் காட்டி, ஒரு சாக்லேட் டப்பாவுக்குள் பஞ்சு சுற்றி இரண்டு செத்த சில்வண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். கட்டைவிரல் பருமன். கண்ணாடிச் சிறகு. ஒன்று வாழைக்குருத்துப் பச்சை, இன்னொன்று மஞ்சள் கிழங்கின் மஞ்சள். அந்நாட்டு மக்கள் பச்சையைப் 'பச்சை மளிகைக்காரன்' என்றும், மஞ்சளை 'மஞ்சள் திங்கட்கிழமை' என்றும் செல்லமாகக் கூப்பிடுவார்களாம். பூச்சிக்குத் திங்கட்கிழமை என்று பெயர் வைக்கும் தேசத்தில் செவ்வாய்க்கிழமையை என்ன சொல்லிக் கூப்பிடுவார்களோ என்றெல்லாம் நம் நாயகன் ஆராயவில்லை. தொண்ணூற்றெட்டோடு இரண்டைக் கூட்டினான். நூறு! பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினான்.

திங்கட்கிழமை காலை, இரண்டு பூச்சிகளையும் தெர்மகோல் சிம்மாசனத்தில் குண்டூசி குத்தி ஏற்றி, தொண்ணூற்றொன்பது, நூறு என்று முத்து முத்தான கையெழுத்தில் சீட்டு எழுதி ஒட்டி, இரண்டடி பின்வாங்கி நின்று அழகு பார்த்தான். அப்போதுதான் அறை வாசலில் ஒரு நிழல் விழுந்தது. ஜூன் மாதம் பணியில் சேர்ந்தவள். பூலாம்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். பூச்சிகளை ஆராய்ந்தே டாக்டர் பட்டம் வாங்கியவள். ஒரு பூச்சியைப் பார்த்தால் அதன் பாட்டன் பூட்டன் வரை விசாரிக்காமல் விடாத வீராங்கனை நந்தினி! அவள் குனிந்தாள். பச்சையைப் பார்த்தாள், மஞ்சளைப் பார்த்தாள், மறுபடி பச்சையைப் பார்த்தாள். பிறகு, பருப்பில் உப்பு கம்மி என்று சொல்லும் சாதாரணத் தொனியில் சொன்னாள்.

"சார், இது ரெண்டும் ஒரே இனம்தான். கலருதான் வேற."

சங்குகள் முழங்கவில்லை, மேல் மாடியில் யாரோ பெஞ்சு இழுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அறிவுச்செல்வனுக்குத் தலைக்குள் பேரிகை கொட்டியது. நேற்று முளைத்த காளான் நூறை நூறாக இருக்க விடமாட்டேன் என்கிறதே! கண்ணால் கண்ட நிற வேற்றுமையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுக்கலாமா, பச்சையும் மஞ்சளும் ஒன்றென்றால் போக்குவரத்து விளக்குக்கு என்ன மரியாதை என்று அவன் முழங்கினான். அவளோ அசையவில்லை. சைக்ளோகைலா ஆஸ்ட்ரலேசியே என்னும் அந்த ஒரே இனத்துக்குள்ளேயே பச்சை உண்டு, மஞ்சள் உண்டு, காப்பிக்கொட்டை நிறமும் நீலமும்கூட உண்டு என்று அம்புமாரி பொழிந்தாள்.

"ஒரே வூட்டுல ஒண்ணு கருப்பா, ஒண்ணு செவப்பா பொறக்கறதில்லையா சார்?" என்றாள்.

அறிவுச்செல்வனின் தம்பி சிவப்பு. அந்தச் செய்தி அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவன் ஒரு நிமிடம் திகைத்தான்.

முதல்நாள் போர் இவ்வாறு முடிய, இரண்டாம் நாளாகிய செவ்வாயன்று, நூலகத்தின் கணினி முன்னால் தவமிருந்து, நம் நாயகன் ஒரு பிரம்மாஸ்திரத்தோடு திரும்பினான். சைக்ளோகைலா என்னும் பேரினத்தில் ஆஸ்ட்ரலேசியே மட்டுமா இருக்கிறது? விரென்ஸ் என்று இன்னொரு இனமும் இருக்கிறது! ஆக, இதில் ஒன்று அதுவாக ஏன் இருக்கக் கூடாது? மேசையை ஒரு தட்டுத் தட்டினான். புட்டிக்குள் நட்டுவாக்காலி ஒரு முறை ஆடி அடங்கியது. நந்தினி பொறுமையாக, விரென்ஸ் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையில் மழைக்காட்டில் வசிப்பது, சிட்னிக்கும் அதற்கும் கன்னியாகுமரிக்கும் காசிக்கும் உள்ள தூரம் என்றாள். ஒரு வேளை வினோதினி அந்த மழைக்காட்டுக்குச் சுற்றுலா போயிருக்கலாம் அல்லவா? முருகா, அவள் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, திருமானூருக்கு வாட்ஸ்அப்பில் தூது விட்டான். பந்தல்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வினோதினியிடமிருந்து குரல்பதிவாகப் பதில் வந்தது.

"ரெண்டும் எங்க வூட்டுப் பின்னால ஒரே மரத்தடியில கெடந்துச்சு சார். அத்தான்தான் பொறுக்கிட்டு வந்தாங்க. ஏன் சார், எதாச்சும் பிரச்சினையா?"

பிரச்சினை ஒன்றுமில்லை அம்மா என்று பெருந்தன்மையோடு பதில் அனுப்பிவிட்டு, அறிவுச்செல்வன் ஸ்டூலில் சரிந்தான். போதாக்குறைக்கு, காலமும் எதிரியோடு கூட்டுச் சேர்ந்தது. செத்த பூச்சியின் பச்சை நெடுநாள் நிற்காது. ஞாயிறன்று வாழைக்குருத்தாக இருந்த மளிகைக்காரன், செவ்வாய் மதியத்துக்குள் வெளுத்து, ஓரங்களில் மஞ்சள் பாய்ந்து, பார்க்கப் பார்க்கத் திங்கட்கிழமையாக மாறிக்கொண்டிருந்தான். நாயகன் ஜன்னலைச் சாத்தினான், துணி போட்டு மூடினான், கடைசியில் துறையின் ஃப்ரிட்ஜில் மோர் டப்பாவுக்குப் பக்கத்தில்கூட வைத்துப் பார்த்தான். கட்சி மாறத் துணிந்தவனைக் கட்டி வைத்து என்ன பயன்?

இறுதிப் போருக்கு விதிகள் வகுக்கப்பட்டன. பூச்சியியலில் நிறம் சொல்லும் சாட்சி செல்லாமற்போனால், செல்லுபடியாகும் ஒரே சாட்சி ஆண் பூச்சியின் பின்புறக் கடைக்கோடி உறுப்புதான். இனத்துக்கு இனம் அது வேறுபடும். அதுதான் பூச்சிக்கு ஆதார் அட்டை. ஆனால் காய்ந்த உடம்பில் கைவைத்தால் அப்பளமாய் நொறுங்கும். ஆகவே அறிவுச்செல்வனின் சாப்பாட்டு டிபன்பாக்ஸில் ஈரப்பஞ்சு பரப்பி, பூசணம் பிடிக்காமலிருக்க ஒரு சொட்டு டெட்டால் விட்டு, இரண்டு சில்வண்டுகளையும் படுக்க வைத்து மூடி, உடம்பு இளகட்டும் என்று இரு சேனைகளும் ஒரு நாள் போர்நிறுத்தம் செய்துகொண்டன. அந்த ஒரு நாளில், நந்தினியைப் பெரம்பலூர் முகாம் எதற்காவது அனுப்பிவிட்டால் வியாழன் தானாகக் கழிந்துவிடும் என்று ஒரு கள்ள யோசனை நம் நாயகன் நெஞ்சில் எழுந்ததையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முதல்வர் அறை வாசல் வரை போனான். பிறகு என்ன நினைத்தானோ, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணி. டிபன்பாக்ஸ் திறந்தது. இரு வயிற்றிலும் ஆணுக்கே உரிய ஒலித்தட்டுகள் இருந்தன, இரண்டும் ஆண்மக்களே. நுண்ணோக்கியின் ஒளிவட்டத்தில் பச்சையின் பின்புறமும் மஞ்சளின் பின்புறமும் பக்கம் பக்கமாகக் கிடத்தப்பட்டன. முனைவர் பட்டம் பெற்ற இரண்டு தலைகள், ஏழு கடல் தாண்டி வந்து செத்துக்கிடக்கும் இரண்டு பூச்சிகளின் அந்தரங்கத்தின்மேல் மாறி மாறிக் கவிழ்ந்தன. டீ கொண்டுவந்த ஆய்வக உதவியாளர் பொன்னாயி, இவர்கள் இவ்வளவு மும்முரமாக எதைத்தான் பார்க்கிறார்கள் என்று தானும் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

கொக்கிக்குக் கொக்கி, வளைவுக்கு வளைவு, முள்ளுக்கு முள்: அணுவளவும் வித்தியாசமில்லை. அறிவுச்செல்வன் லென்ஸை மாற்றிப் பார்த்தான், கண்ணை மாற்றிப் பார்த்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். பொய் சொல்ல ஒரு நொடி போதும். இரண்டு வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லி, எதிர்ப்பவர் யார் என்று சீனியர் தோரணையில் நிமிர்ந்தால், அந்தப் பெண்ணால் என்ன செய்துவிட முடியும்? ஆனால் பதினெட்டு வருஷம் பிள்ளைகளிடம், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது என்று கத்திய வாய் அது. நிமிர்ந்தான். கண் ஓரம் ஈரமாக இருந்தது. நுண்ணோக்கியை அதிக நேரம் பார்த்ததால் என்று வைத்துக்கொள்வோம்.

"நீங்க சொன்னதுதான் மேடம் சரி. ஒண்ணுதான்."

அந்தோ! நூறு என்னும் சீட்டை அவனே தன் நகத்தால் சுரண்டி உரித்தபோது, சுறாக்குட்டி கண்ணீர் வடிக்கவில்லையே தவிர மற்றபடி அவ்வளவு சோகம் அந்த அறையில் நிலவியது. கடற்குதிரையைத் தடவினான், சாவியைக் கையில் எடுத்து எடை பார்த்தான், ஈட்டி சாயப்போகும் மூலையை ஒரு முறை வெறித்தான். ஜெயித்தவளுக்கும் ஜெயித்த முகம் இல்லை. அவள் பதிவேட்டை எடுத்து, ஏதாவது ஒன்று எண்ணாமல் விட்டுப்போயிருக்காதா என்று, கடற்பஞ்சு ஒன்று, சொறிமீன் இரண்டு, நாடாப்புழு மூன்று என்று தொடங்கி, வௌவால் எலும்புக்கூடு வரை வரிசையாக, உரக்க, ஒரு முறைக்கு இரு முறை வாசித்தாள். இரண்டு முறையும் தொண்ணூற்றொன்பதுதான். டீ டம்ளரை வாங்கிப் போக நின்ற பொன்னாயி, முழுப் பட்டியலையும் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ஏன் சார், கரப்பான் எத்தனாவது நம்பருங்க?"

பதினெட்டு ஆண்டுகளாக ஒருவரும் ஜூன் மாதத்திலிருந்து ஒருவரும், வகுப்புதோறும், அதன் தலையை வரைந்து, தாடையைப் பிரித்து, வாயுறுப்புகளைச் செய்முறைத் தேர்வில் கேள்வியாகக் கேட்டு, வரையத் தெரியாதவனைத் தோல்வியுறச் செய்து, அதன் பெரிப்ளனெட்டா அமெரிக்கானா என்னும் திருநாமத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும் பேரறிஞர்கள் இருவரும், ஆழ்கடலையும் அயல் கண்டத்தையும் துழாவி அரியன அனைத்தையும் புட்டியில் அடைத்த அப்பெருமக்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டி, அலமாரிகளை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தேடி, அந்தப் பெயர் எங்குமே இல்லை என்று கண்டு, மண்ணும் விண்ணும் ஸ்தம்பிக்க, சிலையென நின்றார்கள்.

பொன்னாயி அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தி ஒன்றைப் பிடித்துக் கொடுத்தாள், அதற்கு நூறு என்று நம்பர் ஒட்டிவிட்டு எல்லோரும் பஸ்ஸுக்குப் போனார்கள்.