தார்ப்பாய் போர்த்திய கார்

காரை எங்கே ஒளித்துவைப்பது என்பதுதான் கோவர்த்தனனுக்கு இருந்த பிரச்சினை.

மாட்டுக் கொட்டகைக்குள் முன்பாதி போயிற்று. பின்பாதி தெருவைப் பார்த்து நின்றது. வெள்ளைக் கார்.

"இன்னும் கொஞ்சம் உள்ள போவாதா?" என்று டிரைவரிடம் கேட்டார்.

"மாடு வெளிய வந்தா போவும்," என்றான் டிரைவர் ரமணா.

மாடு வரவில்லை. கோவர்த்தனன் மாங்காய்களை மூடிவைக்கும் நீலத் தார்ப்பாயை எடுத்து வந்து காரின் பின்பாதியைப் போர்த்தினார். நான்கு மூலையிலும் கல் வைத்தார்.

"எதுக்கு சார் இது?"

"வெயிலு."

மணி எட்டுகூட ஆகவில்லை. பனி இன்னும் விலகவில்லை. ரமணா பல்லைக் குத்திக்கொண்டான்.

தெருவில் போன சின்னப்பன் நின்றார். வெறும் காராக இருந்திருந்தால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போயிருப்பார். போர்த்திய கார் என்பதால் திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்தார்.

நெல்லிக்கண்டிகை ஊருக்கு அந்த மாதம் வெள்ளைக் கார் ஆகாது. நிலம் வாங்க வருகிறவர்கள் அதில்தான் வந்தார்கள். சச்சிவாலயம் என்கிற ஊர் அரசு அலுவலகத்துச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தார்கள். திருப்பதி நகரம் வளர்ந்து புத்தூரைத் தாண்டி வரப்போகிறதாம். பன்னிரண்டாயிரம் வீடுகள். வரைபடத்தில் ஊர் இல்லை. ஏரி இருந்த இடத்தில் பூங்கா இருந்தது. சுடுகாடு இருந்த இடத்தில் யோகா மையம் இருந்தது. கோவர்த்தனனின் இரண்டு ஏக்கர் மாந்தோப்பு நீச்சல் குளத்துக்குள் விழுந்திருந்தது. தெலுங்கில் எழுதியிருந்ததை அவர் இரண்டு முறை படித்துப் பார்த்தார். நீச்சல் குளம்தான்.

"தொள்ளாயிரம் அடி போர் போட்டாலும் புழுதிதான் வருது. இவன் நீஞ்சப் போறானாம்," என்றார் சின்னப்பன்.

ஊர்ப் பெரியவர் முனிரத்தினம் நிலத்தைக் காக்க ஒரு கமிட்டி போட்டார். அவரே தலைவர். கங்கம்மா கோயிலில் கற்பூரம் ஏற்றி ஊரே சத்தியம் செய்தது. ஒரு சென்ட் நிலமும் விற்பதில்லை. நிலம் வாங்க வருகிறவனிடம் வாய் திறப்பதில்லை. மீறுகிறவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் போவதில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் இந்தக் கார். வந்தவர்கள் நிலம் வாங்க வரவில்லை. சித்தூரிலிருந்து கோவர்த்தனனின் மகள் ஹர்ஷினியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். ஆனால் அதை வெளியே சொல்ல முடியாது.

ஹர்ஷினி ரேணிகுண்டாவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். இதற்கு முன் இரண்டு வரன்கள் வந்தன. இரண்டும் ஊர் டீக்கடையிலேயே திரும்பிப் போயின. முதல் வரனிடம், பெண் பஸ் கண்டக்டரைப் பையால் அடித்தவள் என்று யாரோ சொன்னார்கள். அது உண்மை. இரண்டாவது வரனிடம், "நல்ல பொண்ணுதான், அடிக்கறத வுட்டுட்டா," என்று யாரோ நல்லெண்ணத்தில் சொன்னார்கள்.

"தட்டு மாத்துற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு வுடாதய்யா," என்று மனைவி கன்னிகா சொல்லியிருந்தாள். "மூணாவதும் போச்சுன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்."

கோவர்த்தனன் மூச்சு விடவில்லை.

பிள்ளையின் அப்பா சம்பத், காபி குடித்து முடித்ததும் தோப்பைப் பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். பெண் வீட்டார் சொல்லும் நிலம் சொன்ன இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். சம்பத் பார்த்ததோடு நிற்கவில்லை. வரப்பில் காலடி வைத்து அளந்தார். எல்லைக் கல்லைப் போட்டோ எடுத்தார். மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செங்கம்மா ஆடுகளை விட்டுவிட்டு இவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் முனிரத்தினம் வந்துவிட்டார்.

"யாருப்பா வந்தது?"

"தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்க காருக்கு எதுக்குப்பா தார்ப்பாயி?"

"பனி."

"பெரியவரு காலடி வெச்சி அளந்தாராமே?"

"சுகர். நடக்கச் சொல்லியிருக்காங்களாம்."

"எல்லைக் கல்ல போட்டோ புடிச்சாராமே? கல்லுக்கும் சுகரா?"

கோவர்த்தனனுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. அதுதான் தப்பு.

"சித்தூரு மாங்கூழ் ஃபாக்டரிக்காரங்க. மாங்காய்க்கு முன்கூட்டியே பேச வந்தாங்க."

"பூவே இப்பத்தான் வெச்சிருக்குது."

"அதான் முன்கூட்டியே."

முனிரத்தினம் கிளம்பினார். "என் தோப்புக்கும் இட்டாந்து காட்டியிருக்கலாம் இல்ல?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வாசலில் ஏழு பேர் நின்றார்கள். எல்லோரும் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள். ஃபாக்டரிக்காரரின் போன் நம்பர் வேண்டும் என்றார்கள். கோவர்த்தனன் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்றார். போன் அவர் சட்டைப் பையில் அடித்தது. கன்னிகா உள்ளே இருந்து, "கேக்கலியா, எடு," என்று கத்தினாள்.

மாலையில் சின்னப்பன் வந்தார். அவருடைய மச்சான் சித்தூரில் ஒரு கூழ் ஃபாக்டரியில் மேஸ்திரி.

"மச்சான் விசாரிச்சிட்டான். எந்த ஃபாக்டரியில இருந்தும் இந்தப் பக்கம் கார் வரலியாம். இப்ப சொல்லு கோவர்த்தனா, யாரு அவங்க?"

கோவர்த்தனன் தலை குனிந்தார். குனிந்த தலையிலிருந்து இன்னொரு யோசனை வந்தது.

"ஊட்ல துக்கம்பா. வெளிய சொல்லிக்கல. சத்தியவேட்டுல கன்னிகாவோட சித்தப்பா தவறிட்டாரு. அவங்க பக்கத்து ஆளுங்க வந்தாங்க."

சின்னப்பன் துண்டைத் தோளிலிருந்து இறக்கினார். கோவர்த்தனனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோவர்த்தனனுக்கு வெட்கமாக இருந்தது.

அரை மணி நேரத்தில் தெருப் பெண்கள் வந்துவிட்டார்கள். கன்னிகா அடுப்பில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தட்டு மாற்றப் பிள்ளை வீட்டார் மறுபடி வருகிறார்கள். அதற்கான முறுக்கு. அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. செங்கம்மா பின்னாலிருந்து கட்டிப் பிடித்ததும் பயந்துபோய்க் கத்தினாள்.

"அழு தாயி, நல்லா அழு," என்றாள் செங்கம்மா.

"யாருக்கு இன்னா ஆச்சு?"

"புத்தி கலங்கிப்போச்சு பாரு. முறுக்கு சுட்டுகினு இருக்குது பாரு, பாவம்."

வாசலில் நின்ற கோவர்த்தனன் கண்ணைக் காட்டினார். கன்னிகாவுக்குப் புரியவில்லை. ஆனால் எதையோ மறைக்க வேண்டும் என்று மட்டும் புரிந்தது. அழுதாள். முறுக்கு கருகியது. அதைப் பார்த்து நிஜமாகவே அழுதாள்.

செங்கம்மாவின் தங்கையைச் சத்தியவேட்டில் கொடுத்திருந்தார்கள். தங்கையிடம் நம்பர் வாங்கி, செங்கம்மா துக்கம் விசாரிக்கப் போன் போட்டாள். சித்தப்பாவே எடுத்தார்.

"நான்தாம்மா பேசறேன். எந்த வூட்டுல சாவு?"

செங்கம்மா சொன்னாள். சித்தப்பா போனை வைத்தார். உடனே கன்னிகாவைப் போனில் கூப்பிட்டுப் பேசினார். அந்தப் பேச்சை எழுத முடியாது. நான் செத்தாலும் உன் வீட்டுக்காரன் இந்தப் பக்கம் வரக் கூடாது என்பதுதான் அதில் மரியாதையான பகுதி.

அன்றிலிருந்து ஊர் கோவர்த்தனனோடு பேசவில்லை. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. பால்காரன் பாலை ஊற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நீச்சல் குளத்துக்காரரு வராரு," என்று யாரோ முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். கல்யாணமே நடந்தாலும் பந்தியில் உட்கார ஆள் இருக்காது என்று கோவர்த்தனன் நினைத்தார். சாம்பார் அண்டா அப்படியே இருப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை சம்பத்துக்குப் போன் செய்தார்.

"நாளைக்கு நீங்க பஸ்லயே வந்துடுங்க. புத்தூர்ல எறங்குனா நான் டிராக்டர்ல கால்வாய் வழியா இட்டாந்துடறேன். ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."



"ஏங்க, பாத்தா இன்னா?" என்றார் சம்பத்.

"சும்மாதான்."

"மொத நாளு காருக்குத் தார்ப்பாயி போட்டீங்க. இப்ப கால்வாயில வான்றீங்க. பொண்ணுக்கு முன்னாடியே எதாச்சும்..."

"அய்யோ, கங்கம்மா சத்தியமா இல்லீங்க!"

"அப்ப கார்லதான் வருவோம். கோயிலாண்ட நடு வீதியில நிறுத்துவோம். தட்டு டிக்கியிலேயே இருக்கும். பேசி எனக்கு மனசு ஒத்துப்போனாத்தான் எடுப்பேன்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கார் வந்தது. கங்கம்மா கோயில் முன்னால் நின்றது. சம்பத், அவர் மனைவி, மாப்பிள்ளை சுதீர் மூன்று பேரும் இறங்கித் தெருவின் நடுவில் நடந்து வந்தார்கள். இரண்டு பக்கமும் ஊர் நின்று பார்த்தது.

கமிட்டி ஏற்கெனவே கூடிப் பேசியிருந்தது. உள்ளே போகவிட்டு, திரும்பி வரும்போது மடக்குவது. அதுவரை காருக்குக் காவல்.

"ஒவ்வொருத்தரா நிக்கணும். கூட்டமா நின்னா டிரைவர் உஷாராயிடுவான்," என்றார் முனிரத்தினம். "மொதல்ல நானே நிக்கறேன்."

ஏரிக் கால்வாய் தூர்வாரக் கூப்பிட்டபோது மூன்று பேர் வந்த ஊர் அது. அதிலும் ஒருவர் வெற்றிலை கேட்க வந்தவர். காருக்குக் காவல் என்றதும் முப்பது பேர் கை தூக்கினார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று பங்கு போட வேண்டியிருந்தது.

கோவர்த்தனன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். தூரத்தில் கார் அருகே ஒருவர் போக ஒருவர் வந்துகொண்டிருந்தார்கள். ஆறாவதாகச் சின்னப்பன். அடுத்து செங்கம்மா, ஆடுகள் இல்லாமல். இவ்வளவு ஒற்றுமையாக அவர் தன் ஊரைப் பார்த்ததில்லை.

"இன்னா மறைக்கறீங்க? இப்பவே சொல்லிடுங்க," என்றார் சம்பத்.

கோவர்த்தனன் கன்னிகாவைப் பார்த்தார். கன்னிகா சுவரைப் பார்த்தாள். உள்ளே இருந்து ஹர்ஷினி வந்தாள்.

"ஒரு கண்டக்டரை அடிச்சேன். பையால. ரெண்டு தபா."

"எதுக்கும்மா?" என்று கேட்டார் சம்பத்தின் மனைவி.

"பிரேக் போடற சாக்குல மேல வந்து விழுந்துகினே இருந்தான்."

சம்பத்தின் மனைவி அவளைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "ரெண்டு போதுமா?" என்றார். சுதீர் முதல்முறையாகச் சிரித்தான். சம்பத் வாய் திறப்பதற்குள் கதவு திறந்தது.

முப்பது பேரின் காவல் முறையும் முடிந்துவிட்டதால், வந்தவர்கள் திரும்பும்வரை பொறுக்க முடியாமல் முனிரத்தினமும் அவர் பின்னால் ஊரும் வந்து நின்றார்கள்.

"சத்தியத்தை மீறிட்ட கோவர்த்தனா. கங்கம்மா பாத்துகினு இருக்கா."

"நான் எதையும் விக்கலப்பா!"

"மாமா, இவங்க என்னைப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க," என்றாள் ஹர்ஷினி.

"கூழ் ஃபாக்டரி, அப்புறம் சாவு, இப்ப கல்யாணமா?" என்றார் சின்னப்பன். "நாளைக்குக் காதுகுத்துன்னு சொல்லுவீங்க."

"பொண்ணு பாக்க வந்தவரு எதுக்கு எல்லைக் கல்ல போட்டோ எடுத்தாரு?" என்று கேட்டார் முனிரத்தினம்.

சம்பத் எழுந்தார். "பொண்ணு எடுக்கற ஊட்டுல நிலம் இருக்குதான்னு பாக்க மாட்டோமா? நீங்க பாக்காமத்தான் மருமவள இட்டாந்தீங்களா?"

எல்லோரும் முனிரத்தினத்தைப் பார்த்தார்கள். முனிரத்தினம் மகனுக்குப் பெண் எடுத்தபோது சர்வேயரையே கூட்டிக்கொண்டு போனவர்.

"அப்ப தட்டு எங்க?" என்றார் சின்னப்பன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"கார்ல இருக்குது. எனக்குப் பொண்ணு புடிச்சிருக்குது. எம்புள்ளைக்கும் புடிச்சிருக்குது. எம் பொண்டாட்டிக்கு எங்க ரெண்டு பேர விட அதிகமாவே புடிச்சிருக்குது. வாங்க, கோயிலாண்டயே உங்க எல்லார் எதிர்லயும் தட்டு மாத்திக்கறோம். சந்தேகம் இன்னியோட தீரட்டும்."

கோவர்த்தனனுக்குக் கால் தரையில் படவில்லை. எல்லோரும் காரை நோக்கி நடந்தார்கள். கார் நெருங்க நெருங்க ஊரின் நடை தளர்ந்தது.

முனிரத்தினம் நின்றார்.

"வேணாங்க. டிக்கியெல்லாம் எதுக்குத் தொறக்கணும்? நாங்க நம்பறோம்."

"நம்பறோம்," என்றார் சின்னப்பன்.

"அந்தப் புள்ள மூஞ்சிலயே தெரியுதே, மாப்பிள்ளைன்னு," என்றாள் செங்கம்மா.

ஒரு வாரமாகக் கோவர்த்தனன் சொன்ன எதையும் நம்பாத ஊர், ஒரே மூச்சில் அவரை நம்பியது. கோவர்த்தனனுக்குக் கண் கலங்கியது. ஆனால் சம்பத் விடுகிற ஆள் இல்லை.

"இல்லீங்க, கண்ணால பாத்துடுங்க. ரமணா, டிக்கியத் தொறந்து தட்டை எட்றா."

ரமணா டிக்கியைத் திறந்தான். உள்ளே பார்த்தான். ஊரையும் ஒருமுறை பார்த்தான்.

"தட்டு அடியில கெடக்குது சார், மேல பூரா இந்த ஊருக்காரங்களோட பட்டா ஜெராக்ஸு, பொண்ணு பாக்கத்தான் வந்திருக்கோம்னு எவ்ளோ சொன்னாலும் 'எங்களுக்குத் தெரியும், மொதல்ல என் நிலத்தக் காட்டு'ன்னு காவலுக்கு வந்த ஒவ்வொருத்தரும் சொருவிட்டுப் போனாங்க, அதுல தலைவரு மட்டும் ரெண்டு தபா வந்தாரு."