வேலி ஒன்றென்றால் நிலமும் ஒன்றுதானே

கல்முனைக்குடி,
12.02.1982

கடல் கடந்து உழைக்கும் மருமகன் ஜவுபருக்கு, உங்கள் மனைவி றஹீமாவின் தாய்மாமன் காலிதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ரியாத் வெயிலில் உங்கள் உடம்பையும் உழைப்பையும் அல்லாஹ் காப்பானாக. இங்கே எல்லோரும் சுகம். அந்தச் சுகத்தைக் கெடுக்க ஓர் ஆள் வந்திருக்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

இது இப்படித்தான் வந்து முடியும் என்று நான் முதல் நாளே சொன்னேன். நிந்தவூர் பஸ்ஸில் புதிய கணக்கு டீச்சர், ஸாலிஹா என்று பெயர், பை நிறைய அட்டைத் துண்டுகளோடு வந்து இறங்கியபோதே, "இந்தப் பொம்புள நம்மட காணியில கைவைக்கும்" என்று தேத்தண்ணீர்க் கடையில் சொன்னேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். பாடம் சொல்லிக்கொடுக்க வருகிறவருக்கு என்னத்துக்கு ஒரே அளவாக வெட்டிய சதுர அட்டை? காணி பிடிக்க ஆரோ வேவு பார்க்க அனுப்பிய ஆளாக இருக்கலாம் என்று என் மனம் அப்போதே சொன்னது. மூன்றாம் வகுப்போடு நான் நின்றேன் என்பார்கள். படிக்க வேண்டியது முடிந்ததால் நின்றேன். ஆளை எடைபோட எனக்கு அதற்கு மேல் படிப்புத் தேவைப்படவில்லை.

வளவு மாற்றுகிற விஷயம் உங்களுக்கு அரைவாசிதான் தெரியும். றஹீமாவுக்கு வீடு கட்டச் சீதனமாகக் கொடுத்த வளவு ஒழுங்கைக்கு உள்ளே சதுரமாகக் கிடக்கிறது. என்னை அண்ணன்போல் 'காக்கா' என்று கூப்பிடுகிற நூஹுவின் வளவு பஸ் ஓடுகிற ரோட்டைப் பார்த்தபடி நீளமாகக் கிடக்கிறது. நீங்கள் ஊருக்கு வந்து வீட்டைக் கட்டி முன்னால் ஒரு கடையும் போட்டால் எப்படியிருக்கும் என்று யோசித்து, இரண்டையும் ஆளுக்காள் மாற்றிக்கொள்ள நூஹுவோடு கைகொடுத்துவிட்டேன். சும்மா கொடுக்கவில்லை. கயிறு பிடித்து இரண்டு வேலியையும் சுற்றி அளந்தேன். ஒழுங்கை வளவைச் சுற்ற எத்தனை கயிறு விழுந்ததோ, ரோட்டு வளவைச் சுற்றவும் அத்தனை கயிறுதான். ஒரு விரற்கடை கூட முன்பின் இல்லை. இனி நொத்தாரிசிடம் போய் றஹீமா காணி உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி.

இந்த நேரத்தில்தான் உங்கள் மகள் ஹம்ஸியாவுக்கு நாலாம் வகுப்பில் 'பரப்பளவு' என்று ஒன்றைப் புகட்டினார் அந்த டீச்சர். பிள்ளை வீட்டுக்கு வந்து மேசையில் அட்டை அடுக்குகிறது, அம்மியில் அடுக்குகிறது, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நான் சாய்ந்திருந்தால் என் முதுகில் அடுக்குகிறது. "அசையாதீங்க மூத்தாப்பா, விளிம்பில அரை அட்டை வருது" என்கிறது. அரை அட்டைக்காக நான் மூச்சை அடக்கிக் கிடந்தேன். அதுவும் போகட்டும். போன கிழமை டீச்சர் வகுப்பையே கூட்டிக்கொண்டு உண்மையான நிலம் அளக்க வந்துவிட்டார். எந்த நிலம்? ஊரில் எத்தனையோ நிலம் இருக்க, நம்முடைய வளவும் நூஹுவின் வளவும். இதில் சூது இல்லையென்று ஆர் சொல்வான்? நூஹு அனுப்பியிருப்பானோ என்று பார்த்தேன். அளந்தால் அவனுக்குத்தான் நட்டம், அனுப்பமாட்டான். றஹீமாவோ என்று பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அதுவே சந்தேகம். கோபிக்க வேண்டாம், ஒரு நிமிஷம் உங்களையும் சந்தேகப்பட்டேன்.

தெருவில் உள்ள பன்பாய் அத்தனையும் இரவல் வாங்கி, பிள்ளைகள் முதலில் நம்முடைய வளவில் விரித்தார்கள். வேலிக்கு வேலி பாய் நிறைந்து, கல்யாண வீடு மாதிரி ஆனது. அதே பாய்களைத் தூக்கிக்கொண்டுபோய் ரோட்டு வளவில் விரித்தார்கள். அங்கே வளவு நிறைந்த பிறகும் பாய் மிஞ்சிச் சுருட்டியபடி நின்றது. நான் ஒவ்வொரு பாயையும் தூக்கிப் பார்த்தேன், அடியில் பாய் ஒளித்திருக்கிறார்களா என்று. இல்லை. கெட்டிக்காரத் திருட்டு.

"டீச்சர், நிலம் வேலிக்குள்ளதானே இரிக்கி? வேலி ஒண்டு எண்டா நிலமும் ஒண்டுதானே?" என்று மடக்கினேன். கூடிநின்ற ஆயிரம் பேரும் தலையாட்டினார்கள்.

"ஒங்கட கயிறத் தாங்க மாமா. ரெண்டு நுனியையும் முடிச்சுப்போட்டு உள்ளுக்க வந்து நில்லுங்க" என்றார்.

நின்றேன். நாலு பிள்ளைகள் நாலு மூலையிலும் பிடித்து விரித்தார்கள். "எப்படி இரிக்கி?" என்றார். "தாராளம், கட்டிலும் போடலாம்" என்றேன். பிறகு இரண்டு பக்கம் மட்டும் பிடித்து நீளமாக இழுக்கச் சொன்னார். கயிறு என் வயிற்றிலும் முதுகிலும் வந்து ஒட்டிவிட்டது.

"கயிறு குறைஞ்சிட்டா மாமா?"

"கயிறு அப்படியேதான் இரிக்கி."

"அப்ப ஏன் மூச்சு முட்டுது?"

பதில் என்னிடம் இருந்தது. மூச்சு இல்லாததால் சொல்லவில்லை.

றஹீமா வேலியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இதுக்குள்ளயா அவர் வீடு கட்டுவார்? எண்ட சீதன வளவு அது. நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றாள். நூஹு வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கைகுடுத்த பேச்ச பாயால அழிக்க ஏலா காக்கா" என்றான். நான் விட்டேனா? கயிற்றுக்குள் நின்றபடியே ஒரு பார்வை பார்த்தேன். "நூஹு, ஒண்ட மனசச் சோதிக்கத்தான் இத்தனையும் செஞ்சன்" என்றேன். அவன் கண்கலங்கி, "பேச்ச நான் விட்டன்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். ஆகையால் உங்கள் வளவு பத்திரம். ஹம்ஸியா உங்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறதாம். குழந்தை எழுத்து, பெரிதாக எடுக்க வேண்டாம்.

உங்கள் ஹலாலான உழைப்பில் அல்லாஹ் பறக்கத்துச் செய்வானாக. றஹீமாவும் பிள்ளையும் சலாம் சொல்லச் சொன்னார்கள். கேட்காமலே நானும் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மாமா காலிதீன்

பி.கு.: நூஹு கண்கலங்கிப் பேச்சை விட்டதாக எழுதிய இடம் மட்டும் நானாக எழுதியது. அவன் விடவில்லை. இந்த மாதக் கடைசி வியாழன் நொத்தாரிசிடம் வரச்சொல்லித் தினமும் வந்து நிற்கிறான். றஹீமா கதவைச் சாத்திக்கொள்கிறாள், நான் பின்வாசலால் போகிறேன். புருஷன் சம்மதம் இல்லையென்று எழுத்தில் வந்தால் மட்டும் விலகுகிறேன் என்கிறான். உடனே தந்தி அடியுங்கள். எனக்கு அடிக்க வேண்டாம், நான் காட்டினால் நானே செய்து கொண்டுவந்ததென்பான். ஸாலிஹா டீச்சர் பெயருக்குப் பள்ளிக்கூட விலாசத்துக்கு அடியுங்கள். அவ சொன்னால் நம்புவானாம். ஆனால் தந்தியில் வேறு வீட்டு விஷயம் ஒன்றும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பொம்பிளையை எனக்கு இன்னும் நம்பிக்கையில்லை.