உற்றதுணைக்குக் கிடைத்த ஒரே பயனர்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, 'உற்றதுணை' என்னும் இணைய உலாவியைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டையும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட மக்கள், மூன்றாவதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

'மக்களுக்கு நன்றியில்லை' என்று, அதை உருவாக்கிய நிறுவனத்தின் ஆய்வுக் கூட்டம் ஏகமனதாகத் தீர்மானித்தது. அவசரம் கருதி, தீர்மானம் பழைய உலாவி வழியாகவே அனுப்பப்பட்டது.

இயக்குநர், 'பயனர் அன்புத் துறை' மேலாளரை அழைத்தார்.

"நாளைக்குள்ள ஒரே ஒரு ஆள், நம்ம உலாவியைத் தானா விரும்பி வெச்சுக்கிட்ட ஆள் வேணும். இல்லன்னா அன்பை மூடிடலாம். உங்களையும் சேர்த்துத்தான்."

மேலாளர் நேரே அக்கா வீட்டுக்குப் போனார். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, அக்கா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல நேரத்துல வந்தடா. அத்தானுக்குக் கண் டாக்டரைப் பாக்க நேரம் பதியணும்."

"இதுல பதிஞ்சு பாருக்கா!" என்று உற்றதுணையை ஏற்றினார்.

உற்றதுணை பணிவோடு வணங்கியது. பிடித்த நிறம் எது என்றது. இன்று மனநிலை எப்படி என்றது. வீட்டுப் படங்களைப் பார்க்கலாமா என்றது. 'என்னையே முதன்மையாக ஏற்பீர்களா?' என்று உருகியது. பயனரின் சுதந்திரத்தை மதித்து, கீழே இரண்டு பொத்தான்கள்: 'ஆம்', 'சற்று நேரத்தில் ஆம்'.

"இதுக்கு என்னடா பேரு?"

"உலாவி."

"உலாவறது யாரு? நான் உக்காந்த இடத்துலயே உக்காந்திருக்கேன். அதுதான் என் வீடு பூரா உலாவுது!"

உள்ளறையிலிருந்து அத்தானின் குரல் வந்தது: "மாப்ளே, கண்ணு மங்கின எனக்கே தெரியுது, அது வேலைக்கு ஆகாதுன்னு!"

அக்கா பழைய உலாவியைத் திறந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் நேரம் பதிந்தாள். திரும்பினால், தம்பியின் முகம் தொங்கிக் கிடந்தது. என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"இவ்வளவுதானா? அது பாட்டுக்கு ஓரமா இருந்துட்டுப் போகட்டும். தினம் ஒருதரம் திறந்து, பதில் வணக்கம் சொல்லிடறேன். நீ முதல்ல சாப்பிடு."

மறுநாள் கூட்டத்தில் கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு பயனர்! எதுல மயங்கினாங்க? வேகத்துலயா, நிறத்துலயா?"

"அன்புல, சார்."

"பாத்தீங்களா! அதை எந்தப் பதிப்புல சேர்த்தோம்?"



"நாம இன்னும் சேர்க்கல சார். அது அக்காகிட்ட இருந்தது."