பெருமாள்மலைக்கு வந்த ரயில் கிரேன்

பெருமாள்மலை,
செவ்வாய்க்கிழமை.

சென்னையில் சீரோடும் சளியோடும் வாழும் மருமகன் சிரஞ்சீவி கோகுலுக்கு, உன் தாய்மாமன் குருநாதன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் உன் அம்மாவின் வாயும் சௌக்கியம். இதில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று பழனியாண்டவர் மேல் சத்தியம் செய்கிறேன்.

அம்மாவை என் பொறுப்பில் விட்டது தப்பு, சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று போனில் கத்தினாயாம். வேண்டாம் மாப்ளே. நடந்ததைக் கேள்.

எதிர்வீட்டு ஓட்டல்கார ராஜகுமாரி அம்மாள், வருகிறவர்கள் செல்ஃபி எடுக்கட்டுமென்று, ரயிலே இல்லாத இந்த மலைக்கு ஒரு ரயில் கிரேனை ஏலத்தில் எடுத்துவிட்டார். வேறெதுவுமல்ல, திண்டுக்கல் யார்டில் நானும் உன் அப்பா இராமலிங்கமும் முப்பது வருஷம் மாரடித்த அதே கை கிரேன். பிடியைச் சுற்றுவது நான், கை காட்டுவது அவர். கிரேன்காரனுக்குக் காது கிடையாது, ஒரே ஒரு கையைத்தான் பார்க்கணும் என்பது அவர் சட்டம். கலெக்டரே கத்தினாலும் நான் நிறுத்தக் கூடாது. சங்கிலியில் மோதிர விரலைப் பறிகொடுத்த பிறகும் மிச்ச விரல்களால் காட்டிக்கொண்டுதான் இருந்தார், ஆறு வருஷம் முன்பு கண்மூடும் வரை.

அந்தக் கிரேன் நூறு சக்கர டிரெய்லரில் ஏறி வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் மலையே எழுந்து நின்று வழிவிட்டது, குரங்குகள் சல்யூட் அடித்தன, சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழங்களில் ஒன்று மட்டும் நசுங்காமல் அடிவாரத்திலிருந்து கூடவே உருண்டு வந்தது. பெருமாள்மலையில் பட்டப்பகலில் பனி இறங்கியது பார், என் மூக்கு எனக்கே தெரியவில்லை. அந்த நேரம் தாண்டிக்குடியிலிருந்து பூண்டு ஏற்றி வந்த மனோஜ்குமாரின் ஜீப் வழுக்கி, ஐயாயிரம் அடிப் பள்ளத்தின் மேல் ஒரே ஒரு சாக்கு நூலில் தொங்கியது. உள்ளே உன் அம்மா.

"ஏலே குருநாதா, வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காம வெரசா தூக்குலே! பூண்டு நனையுது!"

"உசிரு போற நேரத்துல பூண்டாக்கா?"

"உசிரு என் சொந்தம்லே. பூண்டு, வியாபாரிக்குச் சொன்ன சரக்கு!"

கை காட்ட, டிரெய்லரோடு வந்த செல்வமுருகனை நிற்கச் சொல்லிவிட்டு, டிரெய்லர் மேலேயே நாலு பேரோடு பிடியைச் சுற்றினேன். பனிக்குள் ஒரு கை எழுந்தது. திருப்பு என்றது, திருப்பினேன். இறக்கு என்றது, இறக்கினேன். தூக்கு என்றது, ஜீப்போடு இரண்டு யூகலிப்டஸ் மரமும் அரை மேகமும் சேர்ந்தே வந்தன. சுற்றிலும் ஒரே கூச்சல், நான் காது கொடுக்கவில்லை. நிறுத்து என்று அந்தக் கை விறைத்து நின்றது. நிறுத்தினேன். அப்புறம் பார்த்தால் செல்வமுருகன் டீக்கடையிலிருந்து வருகிறான். "பனி வெலகட்டும்னு டீ குடிச்சேண்ணே. அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டீங்களா?" என்கிறான். கை தெரிந்த இடத்தில் தரையே கிடையாது.

ஆகையால் இப்பேர்ப்பட்ட வீரனின் காவலில் இருக்கும் அம்மாவை அழைத்துப்போக நினைக்காதே. ஜெயப்பிரியாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கு மாமனை மதிக்கும் புத்தி உண்டாகட்டும்.

இப்படிக்கு,
மலைகளையே தூக்கிய மாமன்,
குருநாதன்.

பி.கு.: புதன் காலை. மாப்ளே, மேலே உள்ளது புளுகு. ஜீப்பின் ஒரு சக்கரம் முழங்கால் ஆழ வாய்க்காலில் இறங்கியது, அவ்வளவுதான். நாலு பேர் தள்ளியிருந்தால் ஏறியிருக்கும். நான்தான் பெருமைக்குக் கிரேனைத் திருப்பினேன். உன் அம்மா இறங்கி அதன் கீழே வந்து நின்றது பனியில் தெரியவில்லை. எல்லோரும் "நிறுத்து" என்று கத்தியிருக்கிறார்கள். முப்பது வருஷப் பழக்கம், என் காதில் ஏறவில்லை. பனி விலகியபோது கொக்கி அவள் தலைக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கையும் பூண்டு மூட்டையில். நிறுத்தச் சொன்ன அந்தக் கை மட்டும் நிஜம். அதில் நாலு விரல்.

கிரேன் இப்போது நம் வாசலுக்கு எதிரே ஓட்டல் புல்வெளியில் நிற்கிறது. இன்று வெள்ளனே பனிக்குள் அந்தக் கை மறுபடி எழுந்தது. இந்தத் தடவை நிறுத்து என்று காட்டவில்லை, வா என்று காட்டியது. என்னைப் பார்த்து அல்ல. உன் அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இருங்க, அடுப்புல பாலு கெடக்கு. இறக்கி வெச்சுட்டு வாரேன்" என்று பனியைப் பார்த்துச் சொன்னாள்.

இதைப் போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். சனிக்கிழமை வரை பொறுக்காதே, இப்போதே கிளம்பு. அவள் பார்க்காத நேரம் அடுப்பை அணைத்துவிட்டேன். பால் இன்னும் காயவில்லை.